எட்டில் எது போனது? பேட்டரி காரை மல்டிமீட்டரும் ஹெட்லைட் பல்பும் வைத்துச் சோதித்த பதிவு

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வீடுகளுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே நல்ல மேடு. முழங்கால் வலி உள்ளவர்கள் அதை நடந்து ஏற முடியாது. அவர்களுக்காகத்தான் பேட்டரி கார் ஓடுகிறது. கோல்ஃப் மைதானத்தில் ஓடும் அதே வண்டிதான், ஆறு பேர் உட்காரும்படி நீட்டியிருப்பார்கள். 48 வோல்ட். சீட்டுக்கு அடியில் தண்ணீர் ஊற்றும் வகை லெட்-ஆசிட் பேட்டரி எட்டு, ஒவ்வொன்றும் 6 வோல்ட், 225 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, கொள்ளளவைச் சொல்லும் எண்). எட்டும் ஸீரிஸில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக ஒரே சங்கிலியில்.

கோடை தொடங்கியதிலிருந்து வண்டி மாறிவிட்டது. காலையில் ஒழுங்காக ஏறும், மதியத்துக்கு மேல் மேட்டில் திணறும். ஒரு நாள் சாயங்காலம் நாலு பேரோடு பாதி மேட்டிலேயே நின்றுவிட்டது. எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மீதித் தூரம் நடந்தார். அதற்குப் பிறகு இதைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

சர்வீஸுக்கு வந்தவர் மேட்டில் வண்டியை ஓட்டி, மொத்த வோல்ட்டேஜ் 41-க்கு இறங்குவதைப் பார்த்தார். "நாலு வருஷ செட்டு சார், மொத்தமா மாத்திடுங்க" என்றார். எட்டுக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். அவர் எடுத்த அளவு சரிதான். ஆனால் 41 வோல்ட் என்ற அந்த ஒரு எண், எட்டும் போய்விட்டன என்று சொல்லவில்லை. எட்டின் கூட்டுத்தொகை குறைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. யாரால் குறைந்தது என்று கண்டுபிடிக்காமல் குடியிருப்புக்காரர்களின் பணத்தில் கையெழுத்துப் போட எனக்கு விருப்பமில்லை.

என்னிடம் பேட்டரி அனலைசர் கிடையாது. லோடு டெஸ்டர், டி.சி. கிளாம்ப் மீட்டர் எதுவும் கிடையாது. இருந்தவை சாதாரண மல்டிமீட்டர் இரண்டு, ஆசிட்டின் அடர்த்தியைப் பார்க்க பேட்டரி கடையில் வாங்கிய ஹைட்ரோமீட்டர் ஒன்று, மெக்கானிக் ஷெட்டில் கேட்டு வாங்கிய பழைய ஹெச்-4 ஹெட்லைட் பல்புகள், ஒரு நோட்டு. இவையே போதும் என்று நான் நம்பியதற்குக் காரணம் ஒன்றுதான். ஸீரிஸில் இருக்கும் எட்டு பேட்டரி வழியாகவும் ஓடுவது ஒரே கரண்ட். ஒரே நாளில் வாங்கியவை, ஒரே சார்ஜரில் ஏறியவை, ஒரே மேட்டில் இறங்கியவை. அதனால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று துல்லியமாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எட்டையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால், கூட்டத்திலிருந்து விலகி நிற்பது எது என்று தெரிந்துவிடும்.

தொடுவதற்கு முன்

48 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஷாக்கைவிட ஷார்ட்தான் இங்கே ஆபத்து. ஸ்பானர் தவறி இரண்டு டெர்மினலுக்கு நடுவே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும், உலோகம் உருகித் தெறிக்கும். மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டேன். ஸ்பானரின் வாய் மட்டும் வெளியே தெரியும்படி மீதி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றினேன். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பொட்டலம் சமையல் சோடாவும். ஆசிட் சிந்தினால் சோடா கரைத்த தண்ணீர் அதை முறிக்கும், ஆனால் அது செல்லுக்குள் போய்விடக் கூடாது. தோலிலோ கண்ணிலோ பட்டால் சோடா வேண்டாம், வெறும் தண்ணீரால் நிறைய நேரம் கழுவ வேண்டும்.

சார்ஜ் முடியும் நேரத்தில் ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடியது. சீட்டைத் தூக்கி நன்றாகக் காற்று போகவிட்ட பிறகுதான் கிளிப் மாட்டுவதும் கழற்றுவதும். கேபிளைக் கழற்றுகிற வேலை என்றால் வண்டியின் சுவிட்சை 'டோ' (வண்டியை இழுத்துச் செல்வதற்கான நிலை) பக்கம் தள்ளி, மெயின் நெகட்டிவை முதலில் எடுக்க வேண்டும்.

மெயின் பாசிட்டிவிலிருந்து வரிசையாக 1 முதல் 8 வரை ஒவ்வொரு பேட்டரியிலும் பெயின்டால் எண் எழுதினேன். இது சின்ன வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் எடுக்கும் எந்த அளவும் பிறகு பயன்படாது.

சும்மா இருக்கும்போது

சார்ஜர் எடுத்த உடனே பார்க்கும் வோல்ட்டேஜை நம்பக் கூடாது. பிளேட்டின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ் எல்லா பேட்டரியையும் நல்லதாகக் காட்டும். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு எடுத்து, அன்று பகல் முழுவதும் வண்டியை நிறுத்தி வைத்து, சாயங்காலம் அளந்தேன்.

1 — 6.31
2 — 6.30
3 — 6.32
4 — 6.31
5 — 6.22
6 — 6.30
7 — 6.29
8 — 6.30

கூட்டினால் 50.35 வோல்ட். இந்த வகை 6 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 6.37 காட்டும், 6.25 என்றால் ஏறக்குறைய 80 சதவீதம், 6.05 என்றால் பாதி. அந்தக் கணக்கில் மொத்தம் 50.35 என்பது நல்ல அளவு. டாஷ்போர்டு மீட்டரும் பச்சையில்தான் நின்றது. வண்டியில் கோளாறே இல்லை என்று இதை வைத்துக்கொண்டே ஒருவர் வாதாடலாம்.

5-ஆம் எண் மட்டும் 0.08 வோல்ட் பின்தங்கி நிற்கிறது. பார்வைக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் நின்றிருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியில் முழுமைக்கும் பாதிக்கும் இடையே உள்ள தூரமே 0.32 வோல்ட்தான். அதில் கால்வாசி இது. மீட்டரில் இரண்டாவது தசம இடத்தைப் பார்க்காமல் விடுகிறவர்கள் இங்கேயே கோட்டை விடுகிறார்கள்.

மேட்டில் ஏறும்போது

சும்மா நிற்கும் வோல்ட்டேஜ் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்லும். வேலை செய்யத் தெம்பு இருக்கிறதா என்று சொல்லாது. தேய்ந்துபோன பேட்டரிகூட ஓய்வாக இருக்கும்போது 6.3 காட்டும். அதைத் தெரிந்துகொள்ள லோடு வேண்டும். எங்களுக்கு லோடு வண்டியின் மோட்டாரேதான். ஆட்களோடு மேடு ஏறும்போது நூறு ஆம்பியரைச் சாதாரணமாகத் தாண்டும். கடையில் கிடைக்கும் சின்ன லோடு டெஸ்டரைவிட இது நேர்மையான சோதனை என்பது என் எண்ணம். ஏனென்றால் நமக்கு வேண்டியது இந்த மேட்டை ஏறுவதுதான்.

சிக்கல் ஒன்றுதான்: ஒவ்வொரு முறை ஏறும்போதும் வேகமும் எடையும் கொஞ்சம் மாறும். இரண்டு மீட்டர் இருப்பதன் பயன் இங்கேதான். ஒரு மீட்டரை 1-ஆம் எண்ணிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டேன். இன்னொன்றை 2, 3, 4 என்று மாற்றிக்கொண்டே போனேன். 1-ஆம் எண் அதே அளவைக் காட்டும் நொடியில் மற்றதைக் குறித்துக்கொண்டால், கரண்ட் எவ்வளவு என்று தெரியாமலே எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்ததாகிவிடும். வயர் நீட்டி, முதலைக் கிளிப்புகளுக்கு ரப்பர் உறை போட்டு, சீட்டுக்கு வெளியே கொண்டுவந்தேன். ஓட்டியது டிரைவர் அண்ணன், பின் சீட்டில் உட்கார்ந்து நான் படித்தேன், எடைக்குத் தோட்ட வேலை செய்யும் இருவர் வந்தார்கள். ஓட்டிக்கொண்டே மீட்டரைப் பார்க்கிற வேலை கூடவே கூடாது.

1-ஆம் எண் 5.85 காட்டும்போது மற்றவை: 5.82, 5.86, 5.84, அப்புறம் 5-ஆம் எண் 4.70, அடுத்து 5.83, 5.79, 5.81.

நின்றிருந்தபோது 0.08 இருந்த வித்தியாசம் மேட்டில் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஆகிவிட்டது. 6 வோல்ட் பேட்டரி லோடில் 5.25-க்குக் கீழே போனால் காலி என்று கணக்கு (செல்லுக்கு 1.75). காலையில், முழு சார்ஜில், முதல் மேட்டிலேயே இது 4.70-க்குப் போகிறது. மற்ற ஏழும் ஒருவரோடு ஒருவர் 0.07 வோல்ட்டுக்குள் நிற்கின்றன.

இதே ஓட்டத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடுவது நல்லது. பேட்டரிக்குள் போகாமல், வெளியே இருக்கும் கேபிள் இணைப்புகளில் எவ்வளவு வோல்ட் வீணாகிறது? மீட்டரின் ஒரு முனையை ஒரு பேட்டரியின் ஈயக் கம்பத்தின் உச்சியிலும், இன்னொரு முனையை அந்தக் கேபிள் போய்ச் சேரும் அடுத்த பேட்டரியின் கம்பத்திலும் வைக்க வேண்டும். கேபிள் முனையில் உள்ள லக்கில் வைக்கக் கூடாது, கம்பத்தில்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் இரு பக்க இணைப்பும் கணக்கில் வரும். நல்ல இணைப்பு மேட்டில் ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. 2-க்கும் 3-க்கும் நடுவே மட்டும் 0.6 காட்டியது. நூறு ஆம்பியர் என்று வைத்தாலும் அந்த ஒரு இணைப்பில் 60 வாட் சூடாகப் போகிறது. ஓட்டி முடித்துப் புறங்கையை அருகே கொண்டுபோனபோதே அனல் தெரிந்தது. கழற்றினால் லக்குக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. சோடாத் தண்ணீரில் கழுவி, கம்பி பிரஷ்ஷால் பளபளப்பாகும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். 0.6 என்பது 0.05 ஆனது. மீட்டர் இல்லாதவர்கள் ஓட்டி முடித்ததும் ஒவ்வொரு இணைப்பின் சூட்டையும் புறங்கையால் அருகே வைத்துப் பார்த்தாலே இந்தக் கோளாறில் பாதியைப் பிடித்துவிடலாம்.

கிராவிட்டி

5-ஆம் எண் என்று தெரிந்துவிட்டது. உள்ளே மூன்று செல். மூன்றுமா, ஒன்றா? இங்கேதான் ஹைட்ரோமீட்டர். கிராவிட்டியை, அதாவது தண்ணீரை 1000 என்று வைத்தால் ஆசிட்டின் அடர்த்தி எவ்வளவு என்பதை, அது காட்டும். விலை குறைவு, பேட்டரி கடைகளில் அன்றாடம் புழங்கும் பொருள். ஆனால் வாங்கி வைத்திருப்பவர்கள்கூடத் தண்ணீர் ஊற்றிய உடனே பார்த்து ஏமாறுகிறார்கள். புதுத் தண்ணீர் மேலே நிற்கும், கலந்திருக்காது. ஒரு முழு சார்ஜ் முடிந்து, குமிழி அடங்கிய பிறகு பார்ப்பதுதான் முறை. இரண்டு மூன்று தடவை உறிஞ்சி விட்டு, மிதவை குழாயில் எங்கும் ஒட்டாமல் நிற்கும்போது கண்ணின் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எந்தச் செல்லில் எடுத்தோமோ அதே செல்லில் ஆசிட்டைத் திருப்பி விட வேண்டும்.

சூடும் கணக்கில் உண்டு. நம் ஊரில் 27 டிகிரியை அடிப்படையாக வைப்பார்கள். ஆசிட் அதைவிட 10 டிகிரி சூடாக இருந்தால் படித்த எண்ணோடு 7 புள்ளி கூட்ட வேண்டும், குளிர்ந்திருந்தால் அதே கணக்கில் கழிக்க வேண்டும். நான் அதிகாலையில் எடுத்ததால் அந்தத் திருத்தம் தேவைப்படவில்லை.

மற்ற ஏழு பேட்டரியிலும் செல்கள் 1250-க்கும் 1265-க்கும் நடுவே. 5-ஆம் எண்ணில் முதல் செல் 1245, நடுச் செல் 1175, கடைசிச் செல் 1250.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. கிராவிட்டி எண்ணோடு 845 கூட்டினால் அந்தச் செல்லின் வோல்ட்டேஜ் மில்லிவோல்ட்டில் ஏறக்குறைய வந்துவிடும். 1245 என்றால் 2.090, 1175 என்றால் 2.020, 1250 என்றால் 2.095. மூன்றையும் கூட்டினால் 6.205. மீட்டர் சொன்னது 6.22. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கருவிகள், ஒன்று கண்ணாடி மிதவை, இன்னொன்று மின்மீட்டர், ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. இந்தப் பொருத்தம் கிடைத்த பிறகுதான் என் அளவுகளை நானே முழுசாக நம்பினேன். பொருத்தம் வரவில்லை என்றால், யாரோ ஆசிட் ஊற்றிக் கிராவிட்டியை ஏற்றியிருக்கிறார்களா, சார்ஜ் முழுசாக முடிந்ததா என்று யோசிக்க வேண்டும்.

ஒரே பேட்டரியின் செல்களுக்குள் 50 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பேட்டரியை நோயாளி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே 75.

இதை டிரைவர் அண்ணனிடம் சொன்னதும் அவர், "அந்த நடு ஓட்டைக்குத் தண்ணியே ஊத்த வேண்டியதில்லைங்க தம்பி. மத்ததெல்லாம் குடிக்கும், அது மட்டும் அப்படியே நிக்கும். நல்ல செல்லுன்னு நெனச்சேன்" என்றார். மாதா மாதம் தண்ணீர் ஊற்றுபவர் அவர்தான். அவர் கவனித்தது மிகச் சரியான அறிகுறி. சார்ஜ் முழுசாக ஏறும் செல் கடைசியில் குமிழி விடும், அப்படித்தான் தண்ணீர் குறைகிறது. ஏறாத செல்லில் குமிழி இல்லை, அதனால் தண்ணீர் குறையாது. எட்டு பேட்டரி, 24 செல். எதற்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று குறித்து வைத்திருந்தால் கருவி எதுவும் இல்லாமல் ஆறு மாதம் முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். தண்ணீர் ஊற்றுபவரிடம் கேட்பதை முதல் சோதனையாக வைப்பேன், இனி எந்த வண்டியாக இருந்தாலும்.

நடுச் செல் திரும்ப வருமா என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். எங்கள் சார்ஜரில் ஈக்வலைஸ் என்ற முறை இருக்கிறது. முழு சார்ஜுக்குப் பிறகும் கொஞ்சம் கூடுதல் வோல்ட்டேஜில் மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிளேட்டில் சல்பேட் உப்பு லேசாகப் படிந்ததுதான் கோளாறு என்றால் கிராவிட்டி மணிக்கு மணி ஏறும். மூடிகளைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். மற்ற செல்கள் எல்லாம் நன்றாகக் கொதிப்பது போலக் குமிழி விட்டன, 1270-ஐத் தொட்டன. நடுச் செல்லில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி. 1190-க்கு வந்து நின்றுவிட்டது, மூன்று மணி நேரமாக நகரவில்லை. உறிஞ்சிய ஆசிட் பழுப்பாகக் கலங்கியிருந்தது. இரண்டு நாள் சும்மா வைத்துப் பார்த்தபோது 1150-க்கு இறங்கியது, பக்கத்துச் செல்கள் அசையவில்லை. கெட்டியாகிவிட்ட சல்பேட் என்றால் ஏறாமல் நிற்கும், ஆனால் தானாக இப்படி இறங்காது. பிளேட்டிலிருந்து உதிர்ந்த பொடி அடியில் சேர்ந்து, உள்ளுக்குள்ளேயே லேசான ஷார்ட் ஆகியிருக்கிறது. இதற்கு வைத்தியம் கிடையாது. பாட்டிலில் விற்கும் எந்த மருந்தும் இதைச் சரிசெய்யாது.

மற்ற ஏழும் எப்படி?

ஒன்று போனது நிச்சயம். மீதி ஏழு எவ்வளவு நாள் வரும் என்று தெரியாமல் முடிவெடுக்க முடியாது. அதற்குக் கொள்ளளவு தெரிய வேண்டும், கொள்ளளவுக்குப் பொறுமை வேண்டும்.

பேட்டரிகளைப் பிரித்து இரண்டிரண்டாக வைத்தால் 12 வோல்ட். அதற்கு ஹெட்லைட் பல்பு நல்ல லோடு. ஹெச்-4 பல்பில் 55, 60 வாட் என்று இரண்டு இழை. ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை வழியாக இணைத்து அளந்தேன். 4.5-லிருந்து 5-க்குள் வந்தது. ஐந்து இழைகளைச் சேர்த்தால் 24 ஆம்பியர். மொத்தக் கரண்ட்டை அந்த மீட்டர் வழியாக அனுப்பக் கூடாது, மீட்டர் கருகிவிடும். தனித்தனியாக அளந்து கூட்டுவதுதான் வழி. பல்புகளைச் செங்கல் மேல் வைத்து, தடிமனான வயரில், நடுவே 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு இணைத்தேன். பல்பு நெருப்பாகச் சுடும், துணி, அட்டை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஒப்பிட ஒரு எண் வேண்டும். இந்த அளவில் உலகம் முழுக்க கோல்ஃப் வண்டிகளில் போடப்படும் டிரோஜன் டி-105 என்ற 6 வோல்ட், 225 ஏ.ஹெச். பேட்டரிக்கு அதன் கம்பெனி வெளியிட்டுள்ள கணக்கு: புதிதாக இருக்கும்போது 25 ஆம்பியரில் 447 நிமிடம். ஏறக்குறைய ஏழரை மணி நேரம். எங்கள் பேட்டரி அந்தப் பிராண்டு இல்லை, ஆனால் அதே கொள்ளளவு, அதனால் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன்.

விதி இதுதான்: ஜோடியில் இரண்டில் எது முதலில் 5.25-ஐத் தொடுகிறதோ அப்போதே விளக்கை அணைக்க வேண்டும். மொத்தம் 10.5 வரும்வரை காத்திருந்தால் பலவீனமான பேட்டரியை நல்லது இழுத்துக்கொண்டு போய், அதன் செல்லைத் தலைகீழாகச் சார்ஜ் செய்துவிடும். அரை மணிக்கு ஒரு முறை இரண்டையும் தனித்தனியாக அளந்து நோட்டில் எழுதினேன். 5.6-க்குக் கீழே வந்ததும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை.

1-2 ஜோடி 310 நிமிடம் ஓடியது. 3-4 ஜோடி 320. 7-8 ஜோடி 295. 5-6 ஜோடி 125-லேயே நின்றது, 5-ஆம் எண் காரணமாக. அந்த நேரத்தில் 6-ஆம் எண் இன்னும் 6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தெம்பாக இருந்தது.

நேரத்தைவிட எனக்கு அதிகம் சொன்னது இறங்கிய விதம். 1, 2, 3, 4, 7, 8 எல்லாம் சரிவில் மெதுவாக இறங்குவது போலத்தான் இறங்கின, கடைசி இருபது நிமிடத்தில் கொஞ்சம் வேகம். 5-ஆம் எண் இரண்டு மணி நேரம் மற்றவற்றுக்குக் கொஞ்சம் கீழே ஓடிக்கொண்டிருந்து, திடீரெனச் சில நிமிடங்களில் 5.8-லிருந்து 5-க்கும் கீழே விழுந்தது. மூன்று செல்லும் சேர்ந்து மூப்படைந்தால் வளைவு மென்மையாக இருக்கும். ஒரு செல் மட்டும் கைவிட்டால் படிக்கட்டிலிருந்து விழுவது போல இருக்கும். ஹைட்ரோமீட்டர் இல்லாதவர்கள், மூடி திறக்க முடியாத சீல்டு பேட்டரி வைத்திருப்பவர்கள் இந்த வளைவை மட்டும் வரைந்தாலே உள்ளே நடப்பது புரிந்துவிடும். லித்தியம் பேட்டரிக்கு இதெல்லாம் பொருந்தாது, அதற்குள் இருந்து செல்களைக் கட்டுப்படுத்தும் பி.எம்.எஸ். போர்டு கதையையே மாற்றிவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான் முடியும். காலியான பேட்டரியை அப்படியே விட்டால் சல்பேட் ஏறும் என்பதால் அன்றைக்கு ராத்திரியே சார்ஜ் போட வேண்டும். வண்டியின் 48 வோல்ட் சார்ஜரில் போட முடியாது. இரண்டு காலி, ஆறு முழுசு என்று ஸீரிஸில் இருந்தால் ஆறும் வெந்துபோகும். எங்கள் ஆபீஸில் இருக்கும் 12 வோல்ட் இன்வெர்ட்டர் இங்கே கை கொடுத்தது. அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டு இந்த ஜோடியை மாட்டினால் காலைக்குள் பெருமளவு ஏறிவிடும். எல்லா ஜோடியும் முடிந்து திரும்ப எட்டையும் சேர்த்த பிறகு வண்டியின் சார்ஜரில் ஒரு முழு சார்ஜ் போட்டுச் சமன் செய்தேன்.

முடிவு எடுத்த விதம்

295-லிருந்து 320 நிமிடம் என்றால் புதியதில் 66-லிருந்து 72 சதவீதம். பேட்டரி உற்பத்தியாளர்களில் பலர் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆயுள் முடிந்தது என்று கணக்கு வைப்பார்கள். ஆனால் எங்கள் வண்டிக்கு நாள் முழுக்கத் தொடர்ந்து ஓடும் வேலை இல்லை. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று சாப்பாட்டு நேரச் சவாரி, நடுவே கோயிலுக்கும் டிஸ்பென்சரிக்கும் சில. அதற்கு இந்த 66 தாராளம். ஏழு நல்ல பேட்டரியைப் பழைய இரும்பு விலைக்குப் போடுவதில் நியாயமே இல்லை.

5-ஆம் இடத்தில் புத்தம்புதிய பேட்டரி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. புதியது வயதான ஏழு பேட்டரிகளோடு சேர்ந்தால் சார்ஜர் எட்டின் சராசரியைப் பார்த்துத்தான் நிறுத்தும், புதியது தன் முழு அளவில் வேலை செய்யவே வாய்ப்பு வராது, விலையும் முழுசாகக் கொடுத்திருப்போம். இதே வகை வண்டி ஒன்று மோட்டார் போனதால் ஷெட்டில் நிற்கிறது. அதன் பேட்டரிகள் இவற்றுக்கு ஒரு வருடம் பின்னால் வாங்கியவை, சார்ஜ் மட்டும் தவறாமல் போட்டு வந்திருக்கிறோம். அவற்றை அதே பல்பில் ஓட்டி, 330 நிமிடம் வந்த ஒன்றை எடுத்து 5-ஆம் இடத்தில் வைத்தேன். 70 சதவீத பேட்டரிகளுக்கு நடுவே 74 சதவீதத்தில் ஒன்று. பொருத்தம் சரி.

மாற்றிய பிறகு அதே மேடு, அதே ஆட்கள்: எட்டும் 5.79-க்கும் 5.88-க்கும் நடுவே. மாலைச் சவாரி முடித்து, அன்றைய கடைசி ஏற்றத்தில் மொத்தம் 45.8. முன்பு 41 காட்டிய அதே இடம்.

கழற்றிய பேட்டரி 28 கிலோ எடை, அதில் பெரும்பங்கு ஈயம். அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடவில்லை. உடைத்து ஆசிட்டை மண்ணில் கொட்டிவிடுவார்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு இருக்கிறது. பேட்டரி விற்கும் கடையிலேயே கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன்.

இப்போது மாதம் ஒரு முறை, தண்ணீர் ஊற்றும் நாளில், டிரைவர் அண்ணன் 24 செல்லுக்கும் எவ்வளவு ஊற்றினார் என்று ஒரு கட்டம் போட்ட தாளில் எழுதுகிறார். நான் 1-ஆம் எண்ணில் ஒரு மீட்டரை மாட்டி, மற்றதை நகர்த்தி, மேட்டில் எட்டையும் படிக்கிறேன். பல்பு சோதனை வருடத்துக்கு ஒரு முறை, கோடை தொடங்கும் முன்பு. மேட்டில் ஏதாவது நாலு பேட்டரி 5.5-க்குக் கீழே வந்துவிட்டாலோ, பல்பில் ஏதாவது ஒரு நல்ல ஜோடி நாலு மணி நேரத்துக்குள் காலியானாலோ அன்றைக்கே எட்டும் சேர்த்துப் புது செட் ஆர்டர் போடுவது என்று நிர்வாகக் கமிட்டியில் எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதற்கான பணத்தை இப்போதிலிருந்தே மாதா மாதம் ஒதுக்குகிறார்கள்.